டீகப் பாம்னு சொல்லி வித்த குட்டி: ஏழு மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அந்த ரெண்டும் கடையில குட்டிங்கள பாத்துக்கிற பையனுக்கு தான், கடைக்கு இல்ல. கடை பேரு போடல, வேலூர் டவுனுக்குள்ள தான் இருக்குது, ஆனா சின்ன ஜாதி நாய்க்குட்டி வாங்க எந்த கடைக்கு போறதா இருந்தாலும் இத ஒரு தடவ படிச்சிட்டு போங்க.

போன மார்கழியில பொண்ணு பொறந்தநாளுக்காக போனோம். கண்ணாடி பெட்டிக்குள்ள உள்ளங்கையில அடங்குற மாதிரி வெள்ளையா ஒரு குட்டி சுருண்டு படுத்துக்கினு இருந்துச்சு. "டீகப் பாம் சார், ரெண்டு கிலோவுக்கு மேல ஏறாது, ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சு, ஊசியெல்லாம் போட்டாச்சு"ன்னாரு ஓனர். பாம்னா பாமரேனியன், டீகப்னா டீ கப்புல அடங்குற சைஸ்னு அர்த்தம். 18,000 சொல்லி 14,000-க்கு குடுத்தாரு, பக்கத்து பெட்டியில கொஞ்சம் பெரிய குட்டி 8,000 தான், ஆக சின்னதா இருக்குதுன்ற ஒரே காரணத்துக்கு 6,000 ரூபா அதிகம். பொண்ணு அத கையில வாங்கினதுக்கு அப்புறம் நான் வேற எதுவும் கேக்கல. பில்லு போடுற நேரத்துல அந்த பையன் தான் கிட்ட வந்து, "அண்ணா, நைட்ல வெறும் தரையில விடாதீங்க, பழைய துணி சுத்தி வைங்க, பசிக்க விடாதீங்க"ன்னு மெதுவா சொன்னான்.

வீட்டுக்கு கொண்டாந்ததும் எங்கம்மா பாத்துட்டு, "இன்னாடா இது, நிக்கவே தள்ளாடுது, பால் மறக்காத குட்டிய பிரிச்சு எடுத்துக்கினு வந்துட்டியே"ன்னாங்க. அவங்க அணைக்கட்டு ஊரு பக்கம் ஆடு மாடு வளத்தவங்க, ஒரு பார்வையிலயே தெரிஞ்சிடுச்சு அவங்களுக்கு.

ரெண்டாவது நாள் ராத்திரி மூணு மணி இருக்கும், என்னமோ சத்தம் கேட்டு எழுந்து பாத்தா குட்டி தலைய தூக்க முடியாம கெடக்குது, உடம்பு ஜில்லுன்னு இருக்குது, ஈறு வெளுத்து போய் கால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது. எனக்கு கை கால் ஓடல. அம்மா தான் தேன் எடுத்து விரல்ல தொட்டு ஈறுல தடவி, பழைய காட்டன் பொடவையில சுத்தி நெஞ்சோட அணைச்சிக்கினு உக்காந்தாங்க, கொஞ்ச நேரத்துல முனக ஆரம்பிச்சுது, அப்புறம் தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

காலையில டாக்டர் வாயத் தொறந்து பாத்தாரு, பின்பக்கத்து பால் பல்லு இன்னும் வரவே இல்ல. "இது ரெண்டு மாசமெல்லாம் இல்ல, அஞ்சு வாரம் இருந்தா அதிகம்"னாரு. ராத்திரி வந்தது லோ சுகர். இவ்ளோ சின்ன உடம்புல கொழுப்பும் கம்மி, ஈரல்ல சர்க்கரைய சேத்து வைக்கிற அளவும் கம்மி, ஒரு வேளை சாப்பாடு தப்பினாலோ குளிர் அடிச்சாலோ சட்டுனு எறங்கிடுமாம். கடையில என்கிட்ட சொன்னது பால்ல பிஸ்கட் ஊற வச்சு ரெண்டு வேளை. டாக்டர் சொன்னது பப்பி ஃபுட்ட வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு மசிச்சு ஒரு நாளைக்கு அஞ்சாறு வேளை, ராத்திரி ஒரு தடவ எழுந்து குடுக்கணும், மாட்டுப் பால் குடுத்தா வயித்தால போகும். மயங்கி கெடக்கும்போது வாயில தண்ணியோ பாலோ ஊத்தவே கூடாது, நுரையீரலுக்கு போயிடும், ஈறுல தேன தடவிட்டு உடனே தூக்கிக்கினு ஓடி வாங்கன்னாரு.

கடையில குடுத்த ஊசி கார்டுல டாக்டர் கையெழுத்தும் இல்ல தேதியும் இல்ல, அதனால அத கணக்குலயே எடுத்துக்கல, எட்டாவது வாரத்துல இருந்து மொதல்லேருந்து போட்டோம். நாலு மாசம் வரைக்கும் தெருவுல எறக்கல, பார்வோன்ற வைரஸ் நோய் வந்தா இந்த சைஸ் குட்டி தாங்காது.

2017-லயே மத்திய அரசு நாய் வளக்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் விதி போட்டிருக்குது, எட்டு வாரம் முடியாத குட்டிய விக்கவே கூடாது, பிரீடர்னா, அதாவது குட்டி எடுத்து விக்கிறதுக்காகவே நாய் வளக்குறவங்கன்னா, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். திரும்ப போய் இத சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சார் விக்கிறாங்க"ன்னுட்டாரு ஓனர். மூணு ஸ்டார் போனது அந்த பதிலுக்கு.

இப்ப குட்டி, புஜ்ஜின்னு பேரு, அஞ்சு கிலோ இருக்கான். நிஜமான பாமரேனியன் வளந்து முடிஞ்சாலும் ஒன்னரையிலேருந்து மூணேகால் கிலோ தான், இவன் இந்தியன் ஸ்பிட்ஸ்ன்ற வேற ஜாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு, நம்மூர்ல பாம்னு விக்கிறதுல நெறைய இதுதானாம். எங்களுக்கு அவன் மேல ஒரு குறையும் இல்ல, அவன் இல்லாம என் பொண்ணு சாப்பிட உக்கார மாட்டா, ஆனா சொன்னது வேற குடுத்தது வேற தானே. டீகப்னு, நாய் ஜாதிங்கள பதிவு பண்ற எந்த கென்னல் கிளப்லயும் ஒரு ரகமே கெடையாது. வயசு பத்தாத குட்டியா இருக்கும், இல்லன்னா வளர்ச்சி இல்லாத குட்டியா இருக்கும், அத தான் அதிக வெலைக்கு விக்கிறாங்க. வாங்க போறவங்க தாய காட்ட சொல்லுங்க, தாய் இன்னா சைஸோ கிட்டத்தட்ட அதுதான் குட்டிக்கும். தாய காட்டலன்னா கெளம்பி வந்துடுங்க, கொழந்த அழுதாலும் பரவால்ல.

வளக்குறதுல எங்களுக்கு பெரிய கஷ்டம் நம்மூரு வெயில் தான், கத்திரியில 40 டிகிரி தாண்டுது, அதுக்கு முடிய மொட்டையா எடுத்துடலாமான்னு கேட்டதுக்கு டாக்டர் வேணவே வேணாம்னாரு, அந்த ரெண்டு அடுக்கு முடி தான் வெயிலையும் தடுக்குது, ஒட்ட வெட்டிட்டா சில நாய்க்கு திரும்ப சரியா மொளைக்கிறதே இல்லயாம். தெனம் சீவி உதிர்ற முடிய எடுத்தாலே போதும். வாக்கிங் விடியகாலையில, இல்லன்னா ராத்திரி தார் ரோட்டுல நம்ம உள்ளங்கைய வச்சு பாத்து சுடலன்னா மட்டும். கழுத்துப் பட்டையில கயிறு போட்டு இழுக்காதீங்க, சின்ன ஜாதிக்கு மூச்சுக்குழாய் மெல்லிசு, நெஞ்சுல மாட்டுற ஹார்னஸ் வாங்குங்க. கட்டில்லேருந்து குதிக்க விடாதீங்க, முட்டிச் சில்லு எடம் மாறும்.

சொந்தக்காரங்க கிட்டயும் உஷாரா இருக்கணும். ஞாயித்துக்கெழம ஆம்பூர் பிரியாணி வாங்கினா வெங்காயத்தோட எலும்ப போடுறாங்க, ஆற்காடு மக்கன் பேடா ஒரு துண்டு தானேன்னு நீட்டுறாங்க, உள்ள இருக்கிற திராட்சை நாய்க்கு கிட்னிய கெடுக்கும்னு நெறைய பேருக்கு தெரியாது.

போன வாரம் அந்த வழியா வந்தேன். அதே கண்ணாடி பெட்டி, இன்னொரு வெள்ளை குட்டி. எத்தன மாசம்னு கேட்டேன், ரெண்டுன்னாரு. வாயத் தொறந்து பல்ல காட்டுங்கன்னேன். காட்டல.