மூட்டுத் தேய்மானம்: எந்த ஊசி, எந்த மூட்டுக்கு?

முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறவே அஞ்சும் நிலையில் இருப்பவரிடம் பொதுவாக மூன்று ஊசிகள் பேசப்படுகின்றன: ஸ்டீராய்டு, ‘ஜெல் ஊசி’ எனப்படும் ஹயலுரானிக் அமிலம், அவருடைய இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. இவற்றில் ஸ்டீராய்டே விலை குறைந்தது. வலியைத் தணிப்பதில் வலுவான சான்று உள்ளதும் அதற்குத்தான்.

ஆனால் அந்த நிவாரணம் சில வாரங்களே நீடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் முழங்காலில் ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்த, 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே வலி கடுமையாகும்போது எப்போதாவது போட்டுக்கொள்வது வேறு, நாள் குறித்து வழக்கமாகப் போட்டுக்கொள்வது வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஜெல் ஊசி குறித்த 169 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான அலசல், ஒப்பிடுவதற்காகச் செலுத்தப்படும் மருந்தில்லாத போலி ஊசியைவிட அது தரும் கூடுதல் பலன் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று காட்டியது. பி.ஆர்.பி.யின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சிட்னியிலும் மெல்போர்னிலும் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்திருந்தது. ஊசிக்குப் பின் வலி குறைந்ததாகச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குறைவுக்கு ஊசியில் இருந்த மருந்துதான் காரணமா என்பதே கேள்வி. இந்த இரண்டுக்கும் சேமிப்பைக் கரைக்குமாறு யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடுப்பு மூட்டைத் தனியாகவே பார்க்க வேண்டும். அது ஆழத்தில் இருப்பதால் அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே வழிகாட்டலோடுதான் ஊசி செலுத்த வேண்டும். அங்கு ஸ்டீராய்டுக்கு இடமுண்டு. ஜெல் ஊசி வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 2019இல் உறுதியாகவே பரிந்துரைத்தது.

முழங்காலில் ஸ்டீராய்டையும் இயன்முறை சிகிச்சையையும் நேரடியாக ஒப்பிட்டு, 156 பேரிடம் நடத்தப்பட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டின் முடிவில் வலியும் இயக்கக் குறைபாடும் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கே குறைவாக இருந்தன. மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள், தொற்று அபாயம் கருதி, அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசியைத் தவிர்ப்பது நல்லது.