மூடில், எச்5பி கொண்டு சுயவேகப் பாடங்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிபவை

மூடில் என்ற இணைய வகுப்பு மென்பொருளிலும், ஊடாடும் பயிற்சிகள் உருவாக்கும் எச்5பி என்ற கருவியிலும், மாணவர்கள் தங்கள் வேகத்தில் படிக்கும் மாட்யூல் (சிறு பாட அலகு) தயாரிக்கப் போகிறோம் என்றதும் பலரும் முதலில் தேடுவது நல்ல மைக், நல்ல வீடியோ எடிட்டர். ஒரு கல்வியாண்டு முழுக்க இத்தகைய மாட்யூல்களை ஓட்டிப் பார்த்தால் வேறொன்று புரியும். ஒரு மாட்யூலிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் வைக்கும் கேள்விகள் சரியாக இருந்தால், சுமாரான வீடியோவோடும் பாடம் நடக்கும். கேள்விகள் சொதப்பினால் எவ்வளவு அழகான வீடியோவும் காப்பாற்றாது.

முதலில் அளவு. 'பின்னங்கள்' என்பது ஒரு மாட்யூலுக்கான தலைப்பே அல்ல. 'பகுதி வேறுபட்ட இரண்டு பின்னங்களைக் கூட்டுதல்' என்பது சரியான அளவு. ஒரு மாட்யூலுக்கு ஒரு திறன் போதும். உள்ளே வரிசை இப்படி இருக்கட்டும்: முன்னறிவைச் சோதிக்க 2 கேள்விகள், ஒரு வீடியோ அல்லது ஒரு பக்க விளக்கம், முழுதாகச் செய்துகாட்டிய ஒரு கணக்கு, கடைசிப் படியை மட்டும் மாணவரே எழுதும் ஒரு கணக்கு, கடைசி இரண்டு படிகளை விட்டு வைத்த இன்னொன்று, பிறகு பயிற்சி, இறுதியில் தேர்ச்சிக் கேள்விகள். நடுவில் உள்ள அந்த அரைகுறைக் கணக்குகளை 'நேரமில்லை' என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பார்க்கும்போது புரிந்த கணக்கு செய்யும்போது வராமல் போவது அந்த இடைவெளியில்தான்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, 6 நிமிடத்துக்கு உட்பட்டவையே பார்வையாளர்களைப் பிடித்து வைக்கின்றன என்று காட்டியது. பள்ளி மாணவர்களுக்கு அதையே உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

இனி தேர்ச்சிக் கேள்விகள். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968இல் முன்வைத்த, ஒன்றில் தேர்ந்த பிறகே அடுத்ததற்குப் போகும் தேர்ச்சிக் கற்றல் முறையைப் பின்பற்றும் பலரும் 80 சதவீதத்தை வாசலாக வைக்கிறார்கள். 5 கேள்வி, 4 சரி என்றால் அடுத்தது திறக்கும். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஐந்தும் சரியா தவறா வகை என்றால், பாடத்தையே படிக்காமல் குருட்டாம்போக்கில் சொடுக்குபவருக்கும் ஒவ்வொரு முயற்சியிலும் ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முயற்சிக்கு வரம்பில்லை என்றால் சீக்கிரமே வாசல் திறந்துவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது என்றால் அந்த வாய்ப்பு 1.6 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் மறுபடியும் அதே ஐந்து கேள்விகள் வந்தால், விடையின் இடத்தையோ வடிவத்தையோ மனப்பாடம் செய்து விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு துணைத்திறனுக்கும் மூடிலின் கேள்வி வங்கியில் (கேள்விகளைச் சேமித்து வைக்கும் இடம்) தனிப் பிரிவு தொடங்கி, அதில் 8 கேள்வியாவது போட்டு, ராண்டமாக இரண்டிரண்டு எடுக்கச் சொல்லுங்கள். முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் இடையே 10 நிமிடக் கட்டாய இடைவெளி வைக்க மூடில் குவிஸில் வசதி இருக்கிறது. இரண்டு முயற்சிக்கு மேல் போனால் ஆசிரியரிடம் வரட்டும். மூன்றாவது முறையும் தானாகத் திறக்கும் தேர்வு அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுகிறது.

இரண்டாவது ஓட்டை மூடிலின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரே கேள்விக்குள் குறிப்பு கொடுத்து மறுமுயற்சி தரும் 'இன்டராக்டிவ்' முறையில் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் இயல்பாகவே 33.33 சதவீத மதிப்பெண் கழியும். எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது முயற்சியில் சரியான விடை சொன்ன மாணவருக்குக் கிடைப்பது 66.67. வாசல் 80இல் இருக்கிறது. குறிப்பைப் படித்து, திருத்திக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிள்ளை வெளியே நிற்கிறது. கழிவை 10 சதவீதமாக மாற்றினால் அதே மாணவர் 90 பெறுவார். இந்த எண் ஒவ்வொரு கேள்வியின் அமைப்புக்குள்ளும் தனித்தனியாக இருப்பதால், வங்கியை நிரப்பத் தொடங்கும்போதே மாற்றுவது நல்லது.

தவறான விடைகளை எழுதுவதில்தான் பாடம் அறிந்தவரின் கை தெரியும். 1/2 + 1/3 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 5/6. மற்ற மூன்றும் இஷ்டத்துக்குப் போட்ட எண்களாக இருக்கக் கூடாது. மேலும் கீழும் தனித்தனியே கூட்டுபவர் 2/5 என்பார். பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவர் 2/6 என்பார். கூட்டலைப் பெருக்கலோடு குழப்பியவர் 1/6 என்பார். பக்கம் பக்கமாகப் பாடத்தை நடத்திச் செல்லும் மூடிலின் 'லெசன்' செயல்பாட்டில் ஒவ்வொரு விடைக்கும் தனிப் பதிலும், தாவ வேண்டிய பக்கமும் கொடுக்கலாம். 2/5ஐத் தேர்ந்தவரிடம் 'தவறு, மீண்டும் முயல்க' என்று சொல்லிப் பயனில்லை. '2/5 பெரியதா, 1/2 பெரியதா?' என்று கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்தது எப்படி என்று பிள்ளை அங்கேயே யோசிக்கத் தொடங்கும். பிறகு பின்னப் பட்டைகள் வரைந்த பக்கத்துக்கு அனுப்புங்கள். லெசனில் ஒரு எச்சரிக்கை: குறிப்பிட்ட பக்கத்துக்குத் தாவச் சொல்லியிருந்தால், பின்னாளில் இடையில் புதுப் பக்கம் சேர்த்தாலும் பழைய தாவல் அதைக் கண்டுகொள்ளாது. பக்கம் சேர்த்த கையோடு தாவல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எச்5பியின் கோடிட்ட இடம் நிரப்பும் வகை எளிதானது. விடையை இரு நட்சத்திரக் குறிகளுக்குள் எழுதி, மாற்று விடைக்குச் சாய்கோடு, உதவிக் குறிப்புக்கு முக்காற்புள்ளி போட்டால் முடிந்தது. ஆனால் அதில் 'சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கலாம்' என்ற தேர்வைத் தமிழ்ப் பாடங்களில் தொடவே கூடாது. நீளமான சொல்லில் ஓர் எழுத்து மாறினால் மன்னிக்கும்படி அது அமைந்திருக்கிறது. 'ஒளியியல்' என்ற விடைக்கு 'ஒலியியல்' என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். ல, ள, ழ மாறினால் பொருளே மாறும் மொழிக்கு அந்த வசதி பொருந்தாது. ஏற்கத்தக்க மாற்று வடிவங்களைச் சாய்கோட்டோடு நீங்களே எழுதிவிடுங்கள்.

சுயவேகம் என்றால் கெடுவே இல்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இதே 1968இல் உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் விவரித்த தனிவேகக் கற்பித்தல் முறையில் அதிகம் பேசப்பட்ட குறையே தள்ளிப்போடுதல்தான். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மாட்யூல் என்று ஓர் அடிமட்டம் வைத்து, அதற்குமேல் வேகத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள். வேகமாக முடிப்பவருக்கு அடுத்த பாடத்தை உடனே திறந்துவிடுவதைவிட, அதே திறனில் ஆழமான ஒரு கணக்கைத் தருவது நல்லது. இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் ஒரே வகுப்பில் நாலு பாடம் ஓடும், எதைச் சேர்ந்து விவாதிப்பது என்றே தெரியாது.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நேரம் ஒதுக்க வேண்டும். யாராவது ஒருவர் எழுதிவிட்ட குவிஸில் கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ மூடில் விடாது. ராண்டம் பிரிவு வைத்திருந்தால் வங்கியில் புதிய கேள்வி சேர்ப்பதற்குத் தடையில்லை. அந்த முறையை முதலிலேயே தேர்வதற்கு இது இன்னொரு காரணம். குவிஸின் புள்ளிவிவர அறிக்கையில், எத்தனை பேர் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தார்கள் என்பதும் கிடைக்கும். ஆண்டு முழுக்க யாருமே தொடாத விடையைத் தூக்கிவிட்டு, மாணவர்கள் பயிற்சித் தாளில் உண்மையாகவே எழுதிய தவறு ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். அதற்கான பதிலையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.