வீட்டு முகப்புக்கு எந்தப் புல்: கொழுக்கட்டைப் புல்லா, வெட்டிவேரா?

கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊர்களில்கூட வீட்டு முகப்பில் கொரியன் புல் பதிக்கிறார்கள். வெயில் ஏற ஏற ஓயாமல் தண்ணீர் கேட்கும் புல் அது. வறட்சிக்குப் பழகிய நம் மண்ணின் புற்களை விட்டுவிட்டு ஏன் இந்தச் செலவு? வீட்டுத் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு: கொழுக்கட்டைப் புல், வெட்டிவேர்.

அழகுக்கு என்றால் கொழுக்கட்டைப் புல்தான். முழங்கால் அளவில் தூர் கட்டி நிற்கும். மழைக்குப் பின் விரல் நீளக் கதிர்கள் விடும். ஒவ்வொன்றிலும் மெல்லிய சுணைகள், முதலில் இளம் ஊதா, காயக் காய வைக்கோல் நிறம். மாலை வெயில் பின்னாலிருந்து விழும் இடத்தில் நட்டுப் பாருங்கள், கதிர்கள் ஒளிவிடும். வெட்டிவேர் ஆள் உயரம் வளரும் அடர்ந்த பச்சைப் புதர், அவ்வளவுதான். தென்னிந்திய வகைகள் பெரும்பாலும் பூப்பதுமில்லை.

வறட்சியில் இரண்டும் சளைத்தவையல்ல, தாங்கும் விதம்தான் வேறு. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் எனும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை முள்வேலிக்குள், மாடு மேய மேய மானாவாரியாகவே தழைப்பது கொழுக்கட்டைப் புல். கோடையில் பழுத்துச் சருகாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், அடுத்த மழைக்குத் தூரிலிருந்து துளிர்க்கும். வெட்டிவேரோ 3 மீட்டர் ஆழம்வரைகூட வேர்விட்டுக் கோடையிலும் பச்சை காட்டும். ஆனால் வேர் இறங்கும்வரை, முதல் கோடையிலாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடம், மண் சரியும் ஓரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டிவேர்தான். தண்ணீர் தேங்கினால் கொழுக்கட்டைப் புல் அழுகிவிடும்.

கொழுக்கட்டைப் புல்லின் விதை காற்றில் பறந்து பரவும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இது காட்டில் பரவித் தீயை வளர்க்கும் களையாகிவிட்டது. இங்கே இது நம் மண்ணின் புல்தான்; இருந்தாலும் பக்கத்தில் காய்கறிப் பாத்தி இருந்தால் கதிர் முற்றும் முன்பே அறுத்துவிடுங்கள். விதைக்கும்போது புது விதை வேண்டாம், அது சில மாதங்கள் உறங்கிய பிறகே நன்றாக முளைக்கும். மழைக்காலத்தில் தூரைப் பிரித்து நடுவது இன்னும் எளிது. வெட்டிவேருக்கும் நாற்றுத் தூர்தான் வழி.

வாசனை வேருக்கு ஆசைப்பட்டுச் சரிவில் நட்ட வெட்டிவேரைத் தோண்டாதீர்கள், பிடித்துவைத்த மண் மொத்தமும் இளகிவிடும். மணல் கலந்த மண்ணைச் சாக்கில் நிரப்பித் தனியாக வளர்த்தால், ஓராண்டுக்குப் பின் சாக்கைக் கிழித்து வேரை அறாமல் எடுக்கலாம்.