ஆர்எஸ்ஆர்கியூவா, எஸ்ஐஎன்ஆரா? மட்டக்களப்பு கல்லடி வாவிக்கரை வீட்டு 4ஜி ரவுட்டருக்கு

ரவுட்டர் காட்டும் இந்த இரண்டு அலைத்தர அளவீடுகளில் எதைப் பார்த்து அன்டெனாவைத் திருப்புவது? முதலில் எஸ்ஐஎன்ஆரைப் (SINR) பாருங்கள். அது நமது கோபுரத்தின் அலையை, இரைச்சலும் அயல் கோபுரங்களின் குறுக்கீடும் சேர்ந்த அளவோடு ஒப்பிடுகிறது. 20 டெசிபலுக்கு மேல் அருமை. 0-க்குக் கீழே வேகம் படுத்துவிடும். கணக்கிடும் முறை சிப்புக்குச் சிப்பு மாறுவதால், இரண்டு மாடல் ரவுட்டர்களை இதை வைத்து ஒப்பிடக்கூடாது.

ஆர்எஸ்ஆர்கியூ (RSRQ) ஏமாற்றக்கூடியது. அது கோபுரத்தின் அடையாளச் சமிக்ஞையின் வலுவை, வந்துசேரும் மொத்த அலையின் வலுவால் வகுத்துச் சொல்கிறது. அதன் வகுத்தியில் சொந்தக் கோபுரத்தின் நெரிசலும் சேர்கிறது. 4ஜி அலையைப் பங்கிடும் அலகான ஒரு வளத்தொகுதியில் 12 துணை அலைவரிசைகள். ஒற்றை அன்டெனாக் கோபுரம் சும்மா இருக்கையில், அடையாளச் சமிக்ஞை வரும் நொடித்துளியில் 2 மட்டுமே உயிரோடிருக்கும்: ஆர்எஸ்ஆர்கியூ -3 டெசிபல். பன்னிரண்டும் நிரம்பினால், குறுக்கீடே இல்லாமலும் -10.8.

ஆகவே இரவில் ஆர்எஸ்ஆர்கியூ மட்டும் இறங்கினால், அது நெரிசலாக இருக்கலாம்; அன்டெனாவைத் தொடவேண்டாம். எஸ்ஐஎன்ஆரும் விழுந்தால், தடையற்ற வாவிக்கு மேலாக அக்கரைக் கோபுரம் குறுக்கிடலாம். அப்போது அன்டெனாவை 15 பாகை வீதம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரை வாசியுங்கள்.