கோப்பர்னிக்கஸின் வானமும் புருனோவின் வானமும்

வானியலாளர் கோப்பர்னிக்கஸ், 1543-இல் வெளிவந்த தம் நூலில், பூமியை நடுவிலிருந்து அகற்றிச் சூரியனை அங்கே வைத்தார். ஆயினும் விண்மீன்களை அசையாத ஒரே கோளத்தில் பதித்தபடியே விட்டுவிட்டு, பிரபஞ்சத்துக்கு எல்லை உண்டா என்னும் வினாவை இயற்கைத் தத்துவவாதிகளிடம் தள்ளிவிட்டார்.

1584-இல் லண்டனில் தங்கியிருந்து இத்தாலிய மொழியில் உரையாடல் நூல்களை எழுதிய இத்தாலியத் தத்துவவாதி ஜியோர்டானோ புருனோ, அந்தக் கோளத்தையே உடைத்தெறிந்தார். விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், அவற்றைச் சுற்றியும் பூமிகள் உண்டு, எல்லையற்ற வெளியில் நடு என்று ஓரிடம் கிடையாது என்பது அவருடைய வாதம்.

கணக்கில் புருனோவைக் கோப்பர்னிக்கஸுக்கு அருகில்கூட நிறுத்த முடியாது. கோள்கள் தம்முள் உறையும் உயிரின் உந்துதலால் நகர்கின்றன என்று சொன்னவர் அவர். ஆனால், பூமி சுழன்றால் மேலே எறிந்த கல் பின்தங்கிவிடாதா என்னும் பழைய ஆட்சேபத்துக்கு, ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து போட்ட கல் மரத்தின் அடியிலேயே வந்து விழும் என்று அவர் காட்டிய எடுத்துக்காட்டு, பூமியைச் சார்ந்த பொருள்கள் அதன் இயல்பான சுழற்சியில் பங்குகொள்கின்றன என்ற கோப்பர்னிக்கஸின் விளக்கத்தைவிடத் தெளிவானது என்றே கருதுகிறேன்.

கோப்பர்னிக்கஸ் நூல் வெளிவந்த ஆண்டிலேயே காலமானார். புருனோ 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் எரித்துக் கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில், சமயக் கோட்பாடுகளை மறுத்தமையோடு, பல உலகங்கள் உண்டு என்ற கருத்தும் இடம்பெற்றிருந்தது.