பார்ட்டிகிள் போர்டா, பிளைவுட்டா, ரப்பர் மரமா? குழந்தையின் அறைக்கு எது நிற்கும்

மகளுக்கு மூன்று வயதானபோது ரெடிமேட் கட்டில் ஒன்று வாங்கினோம். அடுத்த வருஷம் வீடு மாறினோம். கழற்றிய கட்டிலைப் புது வீட்டில் பூட்டும்போது கால்மாட்டில் இருந்த நாலு ஸ்க்ரூவில் இரண்டு பிடிக்கவே இல்லை. துளையைக் கம்பியால் நிமிண்டினால் ரவை மாதிரி தூள் கொட்டியது. தீக்குச்சியை ஃபெவிகாலில் முக்கித் துளைக்குள் அடைத்து இறுக்கினேன். ஒரு வாரம் தாங்கியது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை. தூளுல திருகு எத்தனை தடவ நிக்கும்?" என்றார்.

குழந்தையின் அறைக்குப் பலகை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த அறையில் எதுவும் நாலைந்து வருஷம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கட்டில் நீள வேண்டும், மேசை உயர வேண்டும், தட்டுகள் இடம் மாற வேண்டும். கழற்றி மறுபடி பூட்டினால் பிடிக்கிற பலகைதான் அங்கே வேண்டும்.

அந்தக் கணக்கில் ஆசாரி சொன்ன மரத்தூள் பலகை, அதாவது பார்ட்டிகிள் போர்டு, கடைசியில்தான் நிற்கிறது. விலை குறைவு, மைக்கா ஒட்டியே வருகிறது, பார்க்கவும் பளிச்சென்று இருக்கிறது. ஒரே தடவை பூட்டி, பிறகு கையே வைக்காத சாமானுக்கு அது போதும். ஆனால் குழந்தை இருக்கும் இடத்தில் தண்ணீர் கொட்டாத நாள் ஏது? ஓரத்தில் ஒட்டும் பட்டி (எட்ஜ் பேண்ட்) லேசாகப் பிரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் ஓரம் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. இரண்டடிக்கு மேல் நடுவில் தாங்கல் கொடுக்காமல் புத்தகம் அடுக்கினால் தட்டு தொய்யும்.

பசையையும் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டிலும் எம்.ஆர். (ஈரக்காற்றைத் தாங்கும்) ரகப் பிளைவுட்டிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். பலகை புதிதாக இருக்கும்போது அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுக் குழந்தை பத்து மணி நேரம் தூங்கும் அறை இது. கடையில் வாயுக் கசிவு குறைவு என்று காட்டும் ஈ-1 அல்லது ஈ-0 முத்திரை இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இரண்டு இந்தியத் தர எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எம்.ஆர். என்றால் 303-இல் வருவது. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் ஊறினால் தாங்காது. 710 என்பது மரைன் ரகம். பினால் ஃபார்மால்டிஹைடு பசை, வாயுக் கசிவும் மிகக் குறைவு. மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், பலகையின் முகத்தில் போட்ட திருகைக் கழற்றி அதே துளையில் மறுபடி இறுக்கினாலும் பிடிக்கும். ஓரத்தில் மட்டும் கவனம்: சின்னத் துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றினால் அடுக்கு பிளக்கும்.

18 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று வாங்கினேன். முப்பது கிலோவுக்குக் குறையாது, எங்கள் மாடிப்படியில் திரும்பவும் திரும்பாது. அதனால் அளவு எழுதிக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்கினேன். ஒரே ஷீட்டில் அவளுக்கு ஒரு படிப்பு மேசையும் நாலு தட்டு அலமாரியும் வந்தன. மேசை உயரத்துக்கு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. அவளைச் சின்ன நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பில் அளந்தேன்: 21 அங்குலம். பெரியவர்கள் மேசை 29, 30 அங்குலம் இருக்கும். அதில் எழுதும் குழந்தைக்குத் தோள் காதைத் தொடுவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கட்டிலுக்கு மட்டும் ரப்பர் மரம் எடுத்தேன். என் மனம் நிறைந்தது அதில்தான். பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் வெட்டுகிறார்கள். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் முன்பு அது விறகுக்குப் போனது. இப்போது போரான் உப்பை அழுத்தத்தில் ஏற்றி, துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்துப் பலகையாக்குகிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் 710 பிளைவுட்டும் இதுவும் சதுர அடி விலையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. மைக்கா வேண்டாம், ஓரத்துக்குப் பட்டி ஒட்ட வேண்டாம். முனைகளை உருட்டி 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போட்டால் போதும். மகளும் ஒரு துண்டை வைத்துத் தேய்த்தாள். தேய்த்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சட்டங்களை நட்டு போல்ட்டில் பூட்டியதால் இதுவரை இரண்டு தடவை கழற்றி மாட்டியாயிற்று, ஆட்டம் இல்லை. ஓதம் ஏறும் சுவரை ஒட்டி மட்டும் போடாதீர்கள். கரையானுக்கு இது தேக்கு அல்ல.

பழைய மரத்தை ஆசைப்பட்டுத்தான் தேடினேன். இடித்த வீட்டுத் தேக்குக் கதவுக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் அதன்மேல் இருக்கும் பழைய பெயின்ட்டுக்குப் பயப்பட வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய எனாமலை உப்புத்தாளில் உலரத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். தரையில் தவழ்கிற குழந்தைக்கு அது நேரே வாய்க்குப் போகும். பெயின்ட் ஏறாத மரமாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். சரக்குப் பெட்டி அடியில் வரும் பைன் பலகையானால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது. எம்.பி. வேண்டவே வேண்டாம்.

எந்தப் பலகையில் செய்தாலும் உயரமானதைச் சுவரோடு கட்டுங்கள். அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-இல் ஐக்கியா நிறுவனம் அங்கே சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எங்கள் அலமாரியின் மேல்தட்டில் இரண்டு எல்-கிளாம்ப், சுவரில் பிளக் அடித்து இறுக்கியிருக்கிறேன். போன மாதம் மேலே இருந்த பொம்மையை எடுக்க இரண்டாவது தட்டில் கால் வைத்து ஏறியிருந்தாள். நான் ஓடிவந்து பிடிக்கும்வரை அலமாரி அசையவில்லை. பொம்மையை அன்றைக்கே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டேன்.