கூடு உடையாமல் கோப்பது எப்படி?

ஒரு கனசதுரம். எட்டு மூலைகளிலும் சிலிக்கன், பன்னிரண்டு விளிம்புகளிலும் ஆக்சிஜன், ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளியே நீளும் ஒரு கை. இத்தகைய கூடுகளைக் கோத்து நானோதுளைச் சிலாக்சேன், அதாவது நானோமீட்டர் அளவுத் துளைகள் நிறைந்த சிலிக்கன்–ஆக்சிஜன் வலை, கட்டலாம். கூட்டின் வயிற்றில் ஒரு ஃபுளூரைடு அயனி உட்காரத்தான் இடமுண்டு, நைட்ரஜன் நுழையாது. வாயுவை உறிஞ்சுவது கூடுகளுக்கு நடுவே விழும் இடைவெளிதான். ஆகவே, எந்தக் கூடு என்பதைவிட எப்படிக் கோக்கிறோம் என்பதற்கே நான் மதிப்பெண் போடுவேன்.

மலிவான வழி நீராற்பகுப்பு. கையில் ஆல்காக்சி குழு (ஆக்சிஜன் வழியாக ஒட்டிய கார்பன் தொகுதி), கூடவே தண்ணீர், கொஞ்சம் அமிலமோ காரமோ. கூடுகளை இணைக்கும் அதே காரம் கூட்டையும் அறுத்துவிடும் என்பதுதான் சிக்கல். ஜெல் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். சிலிக்கன் அணுக்களின் சூழலைக் காட்டும் சிலிக்கன்-29 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) அளவீட்டில் கூர்மையான முகடு அகன்று கிடப்பதைப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்படும். கூடு போய்விட்டால் சாதாரண சிலிக்கா ஜெல்லே போதுமே!

ஹைட்ரோசிலைலேற்றத்தில் தண்ணீர் தேவையில்லை, கூடு பிழைக்கும். சிலிக்கன்-ஹைட்ரஜன் கையும் வினைல் கையும் (இரட்டைப் பிணைப்புள்ள இரு கார்பன் குழு) பிளாட்டினத்தின் துணையோடு சேரும். ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் இரண்டு கார்பன் அணுக்கள் நிற்கும். காற்றில் நன்றாகச் சூடாக்கினால் அவை எரிந்துபோகும்.

என் வாக்கு பியர்ஸ்–ருபின்ஸ்டாஜ்ன் வினைக்கே. சிலிக்கன்-ஹைட்ரஜனும், சிலிக்கனில் ஒட்டிய மெத்தாக்சியும் (ஒரு கார்பன் உள்ள ஆல்காக்சி) சேர்ந்தால் மெத்தேன் வெளியேறி, சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பாலம் மட்டும் மிஞ்சும். ஃபுளூரின் ஏற்றிய போரேன் (போரான் சேர்மம்) வினையூக்கி துளியளவு போதும், அறை வெப்பநிலையிலேயே நடக்கும். வினையூக்கியை விட்டதும் சிறிது நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமையிழந்து இன்னொரு துளி விட்டால், பால் பொங்குவதுபோல் குடுவை நுரைத்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் புரூக் குழு இந்த நுரையையே பயன்படுத்திச் சிலிக்கோன் நுரைப்பொருள் செய்தது. துளைப்பொருள் செய்பவருக்கோ அது தொல்லை: கரைப்பானை நிறைய ஊற்றி, குளிரவைத்து, நிதானமாகச் சேர்க்க வேண்டும். ஹைட்ரஜனும் மெத்தாக்சியும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும் பக்கவினையும் உண்டு.

மூன்றிலும் கிடைப்பது பெரும்பாலும் ஒழுங்கற்ற வலை. கூடுகள் மோதிய இடத்திலேயே பூட்டிக்கொள்கின்றன. ஒழுங்குதான் முக்கியமென்றால், டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் கசுயுகி குரோடா குழுவினர் எடுத்த வழியைப் பார்க்கலாம்: சிலனால் (சிலிக்கனில் ஒட்டிய ஹைட்ராக்சில்) கைகளுள்ள கூடுகளை முதலில் ஹைட்ரஜன் பிணைப்பால் படிகமாக அடுக்கிவிட்டு, பிறகு சிலாக்சேனாக இறுக்குவது.

சியோலைட் ஏ என்ற துளையுள்ள அலுமினோசிலிகேட் படிகத்திலும் இதே கனசதுர அலகு உண்டு. துளை வாயில் சுமார் 0.4 நானோமீட்டர், வரிசை பிசகாது. அது உருவாகும் சூடான காரநீரில் பிணைப்புகள் அறுந்து அறுந்து மறுபடி சேர்வதால் தவறான இணைப்பும் திருந்திவிடுகிறது. நீராற்பகுப்பில் நமக்கு வில்லனாக வந்த அதே காரம்தான்.